கஞ்சிக் கொட்டகையில் கட்டிக் கிடந்தவன்

பெருநாளுக்கு மறுநாள், சுப்ஹுத் தொழுகைக்கு வந்த ஏழு பேரும் தொழுதுவிட்டுப் போன பிறகு, நோன்புக் கஞ்சி காய்ச்சிய அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்கலாம் என்று பள்ளிவாசலின் பின்பக்கம் போன, பாங்கு சொல்லும் மோதினார் சிந்தா மதார், கஞ்சிக் கொட்டகையின் மூன்றாவது இரும்புத் தூணில் ஷைத்தான் கட்டிக் கிடப்பதைப் பார்த்தார். நோன்பு மாதத்தில் ஷைத்தான்கள் விலங்கிடப்படுகிறார்கள் என்று வருடம் தவறாமல் பள்ளிப் பிரசங்கமான பயானில் கேட்டு வந்தவர் என்பதால், கட்டிக் கிடந்ததில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. இன்னும் கட்டிக் கிடக்கிறானே என்பதுதான் கணக்கு உதைத்தது.

"ஏலே, நீ இன்னும் போகலையா?" என்று கேட்டார்.

"அவிழ்க்க ஆள் வரலை காக்கா. பிறை கண்டாச்சா?"

"நேத்தே பெருநாள் முடிஞ்சுட்டு."

"கட்டுறவங்க நாள் தவறாம வந்தாங்க. அவிழ்க்குறவங்களைத்தான் காணோம். இந்த ஊருக்குத் தேவையில்லைன்னு விட்டுட்டாங்களோ என்னமோ," என்று சொல்லி அவன் கொட்டாவி விட்டான்.

மோதினார் அண்டாக்களைக் கழுவ ஆரம்பித்தார். கழுவிய தண்ணீர் ஓடி அவன் இருந்த இடத்துக்கு வந்தது. "காலைத் தூக்கு," என்றார். தூக்கிக்கொண்டான்.

ஆள் சின்னவன். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் போல முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பது நாள் கஞ்சியின் ஆவி பட்டு அவன் தலைமயிர் பிசுபிசுத்துப் போயிருந்தது, கண்கள் மட்டும் உடம்பைவிட ரொம்ப வயதானவையாக இருந்தன. அவனைச் சுற்றியிருந்தது வள்ளங்களில் நங்கூரத்துக்குப் போடுகிற மாதிரியான சாதாரணச் சங்கிலி. அதன் முனையில் ஒரு கொக்கி. மனிதர் யார் வேண்டுமானாலும் இரண்டு விரலால் கழற்றிவிடலாம், அவன் விரல் பட்டால் மட்டும் அசையாது. முப்பது நாளும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு முந்நூறு பேர் தூக்குவாளியோடு அதே கொட்டகையில் வரிசையில் நின்றிருக்கிறோம், அதே தூணில் சாய்ந்திருக்கிறோம், அடுத்தவர் வாளியைத் தள்ளிவிட்டு அதற்காக வருத்தமும் பட்டிருக்கிறோம், ஒருவர்கூட அவனைப் பார்த்ததில்லை. எல்லோருடைய கண்ணும் அண்டாவின் மேல் இருந்தது.

மதியம் லுஹர் தொழுகைக்குள் ஊர் முழுக்க வந்துவிட்டது. பெருநாள் சட்டையைக் கழற்றாத பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் காட்டிக் கொடுத்தார்கள். வயதான பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு மூன்று தடவை துப்பினார்கள். ஹஜ்ஜுக்குப் போய்வந்த நாலைந்து பேர், அங்கே ஷைத்தான் என்று தூணுக்கு எறிந்தோம், இங்கே ஆளே கிடைத்திருக்கிறான் என்று கடற்கரையில் பொறுக்கிய ஏழேழு கல்லோடு வந்து எறிந்தார்கள். அண்டா நசுங்குகிறது என்று மோதினார் சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினார்கள். அவன் கல் பட்ட இடத்தைத் தடவிக்கொண்டான். மூன்றாம் நாள் அவனைப் பார்க்க யாரும் வரவில்லை. நாலாம் நாள் அவனுக்குக் கொட்டகைக்காரன் என்று பெயர் விழுந்துவிட்டது. ஐந்தாம் நாள் யாரோ ஒருவர் தொழ வரும்போது தன் குடையை அவன் சங்கிலியில் மாட்டிவிட்டுப் போனார்.

முதல் நாள் வந்த கூட்டத்தில் சபூரா மட்டும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் சங்கிலியைப் பார்த்தாள். ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்துக்கொண்டு போய், கொக்கிக்கு வந்ததும் நின்றாள்.

சபூராவின் புருஷன் உதுமான் கனி துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவர். குடிக்காத நாளில் அவரைப் போல நல்ல மனிதர் கிடையாது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வருடத்தில் அப்படிப்பட்ட நாள் முப்பதுதான் என்பது சபூராவுக்குத் தெரியும். மீதி நாட்களில் ஒன்றில், சோற்றுத் தட்டை மிதித்தவர் அதை எடுக்கப் போன அவள் கையையும் சேர்த்து மிதித்ததில், இடது மணிக்கட்டு இன்றைக்கும் முழுதாகத் திரும்பாது. தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது அந்தக் கையை வலது கையால் பிடித்துத் திருப்பித்தான் கழுவுவாள். அப்படிப்பட்ட மனிதர் இந்த நோன்பில் ஐந்து வேளையும் தொழுதார், இரவுத் தராவீஹ் தொழுகைக்கு முதல் வரிசையில் நின்றார், கஞ்சி வாளியைத் தட்டால் மூடிச் சிந்தாமல் கொண்டு வந்தார், விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குத் தானே முதலில் எழுந்து தேநீர் போட்டுவிட்டு "சபூரா, நேரமாச்சு புள்ள," என்று ஒற்றை விரலால் கதவைத் தட்டினார். ஆறு வயது மகள் ஷிரீன், வாப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் பீரோவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள், இருபதாம் நோன்பளவில் போய் நிற்பதை நிறுத்திவிட்டாள். பெருநாளன்று அவர் மடியில் உட்கார்ந்து வட்டலப்பம் தின்றாள்.

சபூராவுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த முப்பது நாள் முப்பத்தொன்றாக வேண்டும், முப்பத்தொன்று முப்பத்திரண்டாக வேண்டும், அப்படியே போய்க்கொண்டிருக்க வேண்டும். அதற்கு எதிராக இருந்தவன் தூணில் கட்டிக் கிடந்தான், இடையில் இருந்தது ஒரு கொக்கி. அவள் வீட்டுக்குப் போய் வாசல் கதவின் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள், கொக்கியையும் அதற்கடுத்த கண்ணியையும் சேர்த்துப் பூட்டினாள், சாவியைக் கருகமணியோடு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப உங்க வீட்டுக்கு?" என்று கொட்டகைக்காரன் கேட்டான்.

அவள் ஷைத்தானிடமிருந்து காவல் தேடும் 'அஊது பில்லாஹி'யை ஓதினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழவைக்கும் ஹஸ்ரத் மிம்பர் மேடையில் ஏறி, அல்லாஹ் இந்த ஊருக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்திருக்கிறான், உங்கள் எதிரி கட்டிக் கிடக்கிறான், இனி சுப்ஹுக்கு எழுந்து வருவதற்கு என்ன தடை, குர்ஆனை அலமாரியில் இருந்து எடுப்பதற்கு என்ன தடை, நோன்பில் விட்ட பொய்யையும் புறம் பேசுவதையும் விட்டபடியே விட்டுவிடுவதற்கு என்ன தடை, பெருநாளுக்குப் பிந்திய இந்த ஷவ்வால் மாதத்தின் ஆறு நோன்பையும் சேர்த்து வையுங்கள் என்று சொன்னபோது, பள்ளி நிறைய அழுகைச் சத்தம் கேட்டது. நாங்கள் உண்மையாகத்தான் அழுதோம். மறுநாள் சுப்ஹுக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் ஆறு பேர். பெண்கள் தராவீஹ் தொழுத பக்கவாட்டு அறையில் கட்டியிருந்த திரையை மோதினார் அவிழ்த்து, அடுத்த வருடத்துக்கென்று மடித்துப் பரணில் போட்டு, அறையைப் பூட்டிவிட்டார், அதுதான் வழக்கம். அதனால் தினமும் அஸருக்குப் பூட்டைப் பார்க்க வந்த சபூரா, கொட்டகையில் அரிசிச் சாக்கை விரித்துத் தொழுதாள். மோதினார் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்.

தொந்தரவு இரண்டாவது வாரத்தில் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் ஒருவர் சுப்ஹுக்கு எழவில்லை என்றால் "ஷைத்தான் போர்வையை இழுத்து மூடிட்டான்" என்பார், வாய் தவறி ஏசிவிட்டால் "ஷைத்தான் நாக்குல வந்துட்டான்" என்பார், அதைக் கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், இதுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு அது. இப்போது அதைச் சொல்ல முடியவில்லை. மீன் ஏலக்கடையில் நெய்னா முகம்மது தராசுத் தட்டில் கட்டைவிரலை வைத்தபோது, மீன் வாங்க வந்த பெண் ஒருத்தி, "அவன் அங்க கட்டிக் கிடக்கான், இது யாரு விரலு காக்கா?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவர் முகம் செத்துப் போனது. நோன்பில் இரண்டு தடவை குர்ஆனை ஓதி முடித்த ஒரு மாமியார், அடுத்த வீட்டு மருமகளைப் பற்றிச் சுவருக்கு மேலே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வழக்கம் போல "ஷைத்தான் பேச வச்சுட்டான்" என்று வாயில் தட்டிக்கொள்ளப் போய், சொந்த மருமகள் பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திக்கொண்டாள். யாருக்கும் இரவில் நல்ல தூக்கம் இல்லை. செய்ததெல்லாம் செய்தவர் வீட்டு வாசலிலேயே கிடந்தது, எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை.

முதலில் சங்கிலியைச் சந்தேகப்பட்டார்கள். எங்கேயோ இளகியிருக்கிறது, நாம் தூங்கும்போது வந்துவிட்டுப் போகிறான் என்று சொல்லி வெல்டரைக் கூட்டி வந்து மூன்று கண்ணிகளுக்குப் பற்றவைத்தார்கள். அப்புறமும் எதுவும் மாறவில்லை. பிறகு இவன் சின்னவன், பெரியவன் வெளியே திரிகிறான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நாலு பேர் போய் அவனிடமே கேட்டார்கள்.

"இந்த ஊருக்கு நான் ஒருத்தன்தான்," என்றான். "முந்தி எட்டுப் பேர் இருந்தோம். ஆள் அதிகம்னு குறைச்சுட்டாங்க."

"திமிரைப் பாரேன் இவனுக்கு," என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஜமாஅத் தலைவர் அபுல் ஹசன் ஹாஜியாருக்கு வந்தது எல்லோருக்கும் வந்ததைவிடப் பெரிய சங்கடம். ஒரு சுவருக்காக ஆறு வருடமாகப் பேசாமல் இருந்த தன் தம்பியை, இருபத்தேழாம் நோன்பன்று பள்ளியில் வைத்துக் கட்டிப் பிடித்து அழுதவர் அவர். ஷவ்வால் பன்னிரண்டில் அதே சுவருக்காக அதே தம்பியைத் தெருவில் நிறுத்திப் பேசக்கூடாததைப் பேசிவிட்டார். வீட்டுக்கு வந்தால், நாற்பது வருடம் அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத மனைவி கஞ்சியை வைத்துவிட்டு, "இப்ப உங்களைத் தூண்டிவிட்டது யாரு?" என்று ஒன்றே ஒன்று கேட்டார்கள். அன்று மாலையே ஹாஜியார் ஜமாஅத்தைக் கூட்டிவிட்டார்.

கூட்டத்தில் யாரும் உள்ளதைச் சொல்லவில்லை. ஷவ்வாலில் நிக்காஹ்கள் இருக்கின்றன, விருந்துக்கு ஆக்க இடம் வேண்டும், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில்தான் பெரிய அடுப்பு, பிரியாணி வேகும்போது அவன் அங்கே உட்கார்ந்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று பேசினார்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகு ஹஸ்ரத், "அவனை அவிழ்த்துட்டா நாளைக்கே உங்க எல்லாருக்கும் நிம்மதி வந்துரும். அதுதான் எனக்குப் பயமா இருக்கு," என்றார். தீர்மானப் புத்தகம் என் கையில் இருந்தது, ஊரில் பட்டம் வாங்கியவன் என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஹஸ்ரத் சொன்னதை எழுதட்டுமா என்று கேட்டேன். "அது பயான் தம்பி, தீர்மானம் இல்ல," என்றார் ஹாஜியார். 'நிக்காஹ் விருந்துகளை முன்னிட்டுக் கஞ்சிக் கொட்டகையைக் காலி செய்து கொடுப்பது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

கூட்டத்துக்குள் பெண்கள் வருவதில்லை. சபூரா பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். ஹாஜியார் வெளியே வந்ததும் கை நீட்டினார்.

"சாவியைக் குடும்மா. பள்ளிவாசல் இடத்துல உன் பூட்டு எப்படி இருக்கலாம்?"

"தாரேன் ஹாஜியார். கொக்கியை யார் கையால கழட்டப் போறீங்கன்னு சொல்லுங்க. அவங்க கையில தாரேன்."

ஹாஜியார் பின்னால் திரும்பிப் பார்த்தார். நெய்னா முகம்மது தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருவர், தனக்கு முழங்கை வலி என்றார். இன்னொருவர் வெல்டரைக் கூப்பிடலாமே என்றார். வெல்டர், தனக்குப் பற்றவைக்கத்தான் தெரியும் என்றார். அவன் அவிழ வேண்டும் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. அவிழ்த்தவர் என்ற பெயர் மட்டும் யாருக்கும் வேண்டாம். கூட்டத்தின் கடைசியில் நின்ற உதுமான் கனியின் தோளில் ஹாஜியார் கையை வைத்து, "மாப்புள, வீட்டுல சொல்லி வாங்கி வை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உதுமான் கனி அன்று நேராக வீட்டுக்கு வந்தார். பெருநாள் முடிந்து இரண்டு வாரமாக அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. சபூராவோடு சேர்ந்து ஷவ்வால் நோன்பில் மூன்றைப் பிடித்திருந்தார். சுப்ஹு மட்டும் சில நாள் தவறியது, அதை அவள் கேட்கவில்லை.

"குடுத்துரு சபூரா," என்றார். "ஐஸ் கம்பெனியில எல்லாப் பயலும் கேக்கான். உன் பொண்டாட்டி ஷைத்தானைப் பூட்டி வச்சுல்ல உன்னைக் காப்பாத்துறாளாம்னு."

"காப்பாத்துனா என்ன? கேக்கவன் கேட்டுட்டுப் போறான்."

"எனக்கு அசிங்கமா இருக்கு. நான் நானாத்தான் விட்டேன். எவனையும் கட்டிப் போட்டதுனால விடலை."

அவர் அதைச் சொன்ன விதம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் சாவியைக் கழற்றவில்லை. "ஆறு நோன்பும் முடியட்டும்," என்றாள். "ஏழாவது நாள் நானே கொண்டு போய்க் குடுத்துருதேன்."

நாலாவது நோன்பன்று சபூரா வீட்டிலேயே கொஞ்சம் கஞ்சி காய்ச்சினாள். வெந்தயமும் பூண்டும் கூடுதலாகப் போட்டாள், அவருக்கு அப்படித்தான் பிடிக்கும். பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துத் தட்டில் வைத்தாள், மூன்று கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தாள். நோன்பு வைக்காவிட்டாலும் ஷிரீன் பக்கத்தில் உட்கார்ந்து, பாங்குச் சத்தத்துக்காக ஒரு விரலைத் தூக்கியபடி காத்துக்கொண்டிருந்தாள். பாங்குக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போது தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்று அழுத்தி, ஒன்று இழுத்து. சபூரா வாசலைப் பார்க்கவில்லை, ஷிரீனைப் பார்த்தாள். ஷிரீன் விரலை மடக்கினாள், எழுந்தாள், பீரோவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

மறுநாள் காலை, சுப்ஹு தொழுத நாலு பேரும் போன பிறகு, சபூரா கொட்டகைக்குப் போனாள். முதலில் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. கொக்கியைப் பார்த்தாள், வெல்டர் பற்றவைத்த மூன்று கண்ணிகளையும் தடவிப் பார்த்தாள், சங்கிலியைக் கையால் அளந்துகொண்டே போய்த் தூண்வரைக்கும் பார்த்தாள். எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை. அவள் அரிசிச் சாக்கில் உட்கார்ந்து 'அஊது பில்லாஹி' ஓதிவிட்டுக் கேட்டாள்.

"நேத்து நீ எங்க போயிருந்த?"

"இங்கதான் இருந்தேன் லாத்தா. பிரியாணிக்கு விறகு கொண்டு வந்து போட்டாங்க. ஒரு கட்டை என் கால்ல விழுந்துச்சு." காலைக் காட்டினான். பெருவிரல் கன்றிப் போயிருந்தது.

"பொய் சொல்றது உன் தொழிலு."

"தொழில் நடக்குறப்ப சொல்லுவேன். இப்ப சொல்லி எனக்கு என்ன?"

"அவரை நீதானே கெடுத்த?"

அவன் யோசித்துப் பார்த்தான். பழைய வேலை ஒன்றை ஞாபகப்படுத்திக்கொள்கிற ஆள் மாதிரி கண்ணை மூடித் திறந்தான். "ஒரு தடவை கூப்பிட்டேன். துறைமுகத்துப் பக்கம். உங்களுக்கு நிக்காஹ் ஆகுறதுக்கு முந்தி. ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் வந்தாரு, அழுதாரு, பிறகு ரெண்டு மாசம் பள்ளியே கதின்னு கிடந்தாரு. நல்ல ஆளு. ரெண்டாவது தடவை நான் கூப்பிடலை."

"பின்ன யாரு கூப்பிட்டா?"

"அதுக்குப் பிறகு நான் உங்க தெருவுக்கே வந்ததில்ல லாத்தா. வேலை இல்லாத இடத்துக்கு எதுக்கு வாறது?"

சபூரா தன் இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதைப் பார்த்தான், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள், "அப்ப அந்த முப்பது நாள்?" என்று கேட்டாள். "நோன்புல அப்படி இருந்தாரே. நீ இங்க கட்டிக் கிடந்ததுனாலதானே?"

"நான் அவிழ்ந்து கிடந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பாரு. இருக்கணும்னு நினைச்சாரு, இருந்தாரு. அதுல எனக்கு ஒரு பங்கும் இல்ல."

ஒன்பது வருடமாக அவள் தாங்கியதற்கெல்லாம் ஒரு அஸ்திவாரம் இருந்தது. அவர் நல்லவர், முடியாதவர், அவரால் முடியவில்லை, அவருக்குள் யாரோ புகுந்து செய்கிறார்கள் என்பதுதான் அது. அவருக்கு முடியும் என்பது, முப்பது நாள் யாருடைய உதவியும் இல்லாமல் முடிந்தது என்பது, மீதி நாட்களில் வேண்டாம் என்றுதான் விட்டிருக்கிறார் என்பது, கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் அழவில்லை. கருகமணியைத் தூக்கிச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். கொக்கியை இரண்டு விரலால் தூக்கினாள். சங்கிலி சத்தமில்லாமல் விழுந்தது.

"பூட்டை எங்கயாவது வச்சுருங்க," என்றான் அவன், எழுந்து நிற்க முயன்றுகொண்டே. ஒன்றரை மாதமாக மடக்கியிருந்த கால் நீள மறுத்தது.

"என் வீட்டுக்கு வேணும். வாசக் கதவுக்கு வேற பூட்டு இல்ல."

அவனால் நடக்க முடியவில்லை என்பதால் பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் மெதுவாகவே போனாள், அவன் பின்னால் நொண்டி வந்தான். கடை திறந்துகொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள், உடனே குனிந்து தங்கள் வேலையைப் பார்த்தார்கள். நெய்னா முகம்மது மட்டும், "போறியா? நல்லது, நல்லது," என்று சொல்லித் தராசைத் துடைத்தார்.

"எந்த ஊருக்குப் போற?" என்று சபூரா கேட்டாள்.

"நல்லவங்க இருக்குற ஊராப் பாத்துப் போகணும். அங்கதான் எனக்கு வேலை இருக்கும். இங்க இருந்து கை மறந்து போச்சு."

மதுரை பஸ் வந்தது. பஸ் திரும்பி, உப்பளத்து ரோட்டில் ஏறி, கண்ணுக்கு மறையும் வரைக்கும் அவள் நின்று பார்த்தாள், நடுவில் எங்கேயும் இறங்கி வந்துவிடக் கூடாது என்பதற்காக.

லுஹருக்குள் செய்தி பரவிவிட்டது, கொட்டகை காலி என்று மட்டும். அவன் ஊரைவிட்டே போய்விட்டான் என்பதைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தவர்கள் யாரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் இல்லை. அன்று மாலை டீக்கடையில் ஒருவர் கடைக்காரரை ஏசிவிட்டு, "மன்னிச்சுக்கடா, ஷைத்தான் நாக்குல வந்துட்டான்," என்றார். கடைக்காரர், "போகட்டும் மாமு," என்று கண்ணீர் வர அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஹாஜியார் சுவரைத் தம்பியின் பக்கம் இரண்டு அடி தள்ளிக் கட்டச் சொல்லி ஆள் அனுப்பினார், அவர் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. நெய்னா முகம்மதுவின் கட்டைவிரல் தட்டுக்குத் திரும்பியது. கொட்டகையில் மூன்று நிக்காஹ்களுக்கு ஆக்கினார்கள், ஊர் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கியது. சுப்ஹுக்கு மோதினாரும் ஹஸ்ரத்தும் இன்னும் ஒருவரும் வந்தார்கள். சில நாள் அந்த ஒருவரும் வரவில்லை. நானும் அந்த வரிசையில் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

சபூரா ஐந்தாவது நோன்பைத் தனியாக வைத்தாள். ஆறாவதையும் வைத்தாள். தராவீஹ் அறை பூட்டியிருந்ததால், குர்ஆனை வீட்டிலேயே, சமையலறையும் கூடமும் சேரும் மூலையில் உட்கார்ந்து ஓதினாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டாள், அதற்கு மேல் போனால் விட்டுவிடுவோம் என்று அவளுக்கு அவளைத் தெரிந்திருந்தது.

ஆறாவது நோன்பன்று நோன்பு திறக்கிற நேரத்துக்கு உதுமான் கனி வந்தார். நடை நேராகத்தான் இருந்தது, வாடை மட்டும் அடித்தது. தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சபூரா ஒரு கோப்பையை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் பேரீச்சம்பழத்தைப் பார்த்தார். பிறகு அழ ஆரம்பித்தார். அவர் அழுதால் நிஜமாகத்தான் அழுவார்.

"நான் என்ன செய்ய, சபூரா? விட்டுரலாம்னுதான் பாக்கேன். ஷைத்தான் விட மாட்டேங்கான். அவனை அவிழ்த்து விட்டதுல இருந்து..."

"அவன் இங்க இல்ல," என்றாள் சபூரா. "மதுரை பஸ்ல போயிட்டான். நான்தான் ஏத்தி விட்டேன். பெருநாள் முடிஞ்சு நீங்க முதல் தடவை குடிச்சது அதுக்கு முந்தின நாளு."

அவர் அழுகையை நிறுத்திவிட்டார்.

"திரும்பி வந்திருப்பான்," என்றார்.

"வரல. நான் தினம் பஸ் நிறுத்தத்துல போய்ப் பாக்கேன்."

"அப்ப யாரு?" என்று கேட்டார் உதுமான் கனி. குரல் சின்னதாக, நிஜமாகவே தெரியாமல் கேட்பவருடையதாக இருந்தது.

பாங்கு ஒலித்தது. சபூரா பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு பழத்தை எடுத்து வாயில் வைத்தாள். பீரோவின் பக்கம் பார்க்காமலே இன்னொன்றை எடுத்து அந்தப் பக்கம் நீட்டினாள், ஒரு சின்னக் கை வந்து வாங்கிக்கொண்டது. உதுமான் கனி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாராவது உள்ளே வந்து 'நான்தான்' என்று சொல்வார்கள் என்பது போல. பாங்கு முடிகிறவரைக்கும் பார்த்தார், முடிந்த பிறகும் பார்த்தார். யாரும் வரவில்லை.